நாவின் நுனியும் செவியின் வாயிலும்

திருக்கோணமலை நகரிலிருந்து நிலாவெளி நோக்கிச் செல்லும் வீதியில், உப்புவெளியைக் கடந்து கடற்பக்கமாகத் திரும்பினால் சல்லி என்னும் சிற்றூரை அடையலாம். முத்துமாரி அம்மன் கோயிலால் மாவட்டமெங்கும் பெயர்பெற்ற ஊர் அது. வள்ளமும் வலையுமாய் வாழும் மக்களின் ஊர். சென்ற மாதம் அவ்வூரிலுள்ள நண்பர் ஒருவரைக் காணச் சென்றிருந்தேன். அவர் கடலினின்றும் மீளத் தாமதமாயிற்று. விறாந்தையிலே அமர்ந்திருந்தேன். என் எதிரே அவருடைய பேரன், ஆறு வயதுச் சிறுவன், கொப்பியை விரித்து வைத்துக்கொண்டு அழாக்குறையாக இருந்தான். சொல்வதெழுதலில் அவனுக்குப் பத்துக்கு நான்கு. ‘வாழை’ என்று ஆசிரியை சொன்னதை அவன் ‘வாளை’ என்று எழுதியிருந்தான். அதன்மேல் சிவப்பு மையினால் ஒரு பெரிய குறுக்குக் கோடு.

“ரெண்டும் ஒண்டு தானே அம்மம்மா? ரீச்சர் ஏன் பிழை போட்டவ?” என்று அவன் கேட்டான்.

கருவாட்டுக்கு மீன் கீறிக்கொண்டிருந்த பாட்டியார் நிமிர்ந்து பார்த்து, “ஒண்டு வாளை, மற்றது வாளை மோனை. ஒண்டு கடலுக்க, மற்றது தோட்டத்துக்க” என்றார். அவருடைய செவிக்கு அவ்விரு சொல்லும் வெவ்வேறானவை. வாய்க்கு மட்டும் அவை ஒன்றேயாயின. நான் சிரிக்கவில்லை. சிரிக்கும் தகுதி எனக்கில்லை. வாழைப்பழத்தை நானும் வீட்டிலே வாளைப்பளம் என்று சொல்லி வளர்ந்தவன்தான்.

அச்சிறுவனுடைய வினாவே இவ்வாரம் என்னை இவ்விதழில் எழுதத் தூண்டியது. அவ்வினா தமிழாசிரியர் யாவரையும் நோக்கிக் கேட்கப்பட்டதென்றே கொள்கிறேன். ஓர் ஒலியை மனிதன் எவ்வாறு பெறுகிறான்? பெற்றதை எவ்வாறு இழக்கிறான்? இழந்ததை மீட்க இயலுமா? குறுக்குக் கோடு ஒன்றினால் இவற்றுக்கு விடை சொல்லிவிட முடியாது.

முதலில் நம் முன்னோர் இதுபற்றி அறிந்திருந்ததைச் சொல்லவேண்டும். தொல்காப்பிய எழுத்ததிகாரத்தின் மூன்றாம் இயலுக்குப் பிறப்பியல் என்று பெயர். எழுத்தின் பிறப்பு என்றால் ஏட்டிலே எழுத்தாணி கீறும் பிறப்பன்று. வாயிலே ஒலி உருவாகும் பிறப்பு. உந்தியினின்று எழுகின்ற காற்று தலை, மிடறு, நெஞ்சு என்னும் மூன்றிடத்தும் நிலைபெற்று, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் என்னும் உறுப்புக்களின் தொழிலால் வெவ்வேறு எழுத்தாகின்றது என்று ஆசிரியர் வகுக்கின்றார். பின்னர் ஒவ்வோரினமாக எடுத்துக்கொண்டு, நாவின் எப்பகுதி அண்ணத்தின் எப்பகுதியை எவ்வாறு அணுகுகிறது என்று கூறிச் செல்கின்றார். ககர ஙகரம் அடிநாவும் அடியண்ணமும். சகர ஞகரம் இடைநாவும் இடையண்ணமும். டகர ணகரம் நுனிநாவும் நுனியண்ணமும். தகர நகரத்துக்கு நா பரந்து பல்லின் அடியைப் பொருந்தவேண்டும். றகர னகரத்துக்கு நாவின் நுனி மேல்நோக்கி நிமிர்ந்து அண்ணத்தை ஒற்றவேண்டும். ரகர ழகரத்துக்கு அதே நுனி நிமிர்ந்து அண்ணத்தை வருடவேண்டும். ‘ஒற்றுதல்’, ‘வருடுதல்’ என்று அவர் ஆளுகின்ற இரு வினைகளின் வேறுபாட்டை எண்ணிப் பாருங்கள். முன்னது காற்றை அடைத்துவிடும். பின்னது காற்றை அடைக்காமல் நெறிப்படுத்தும். இக்கால ஒலியியலார் கருவிகளின் துணைகொண்டு சொல்லும் பாகுபாட்டின் உயிர்நாடி இதுவே.

இந்நூலை ஈழத்தவர் போற்றிய வரலாறும் சிறிதன்று. புன்னாலைக்கட்டுவன் கணேசையர் விளக்கக் குறிப்புக்களோடு எழுத்ததிகாரம் 1937 ஆம் ஆண்டில் வெளிவந்தது. ஆயினும் பிறப்பியலை நாம் மனனம் செய்யும் சூத்திரமாகக் கற்றோமேயன்றி, வாய்க்குள் நிகழும் தொழிலாகக் கற்கவில்லை. ஆசிரியர் ஒருவராவது மாணவரை நோக்கி, ‘இப்போது உன் நாவின் நுனி எங்கே நிற்கிறது?’ என்று கேட்டதாக எனக்கு நினைவில்லை. என் பள்ளிப் பருவத்தில் ழகரத்துக்காக அடிமட்டத்தினால் விரல்மொழியில் அடி வாங்கியிருக்கிறேன். அடித்த ஆசிரியர் தாமும் ‘தமிள்’ என்றே சொல்லி அடித்தார் என்பதைப் பல ஆண்டுகள் கழித்தே உணர்ந்தேன்.

இனி, குழந்தையின் பக்கம் வருவோம். பிள்ளை பேசத் தாமதித்தால் நாவிலே வசம்பு உரைத்துத் தடவுவது நம் பாட்டிமாரின் வழக்கம். நா புரண்டால் பேச்சு வந்துவிடும் என்பது அவர்கள் எண்ணம். ஆனால் பேச்சின் முதல் வேலை நாவிலே தொடங்குவதன்று; செவியிலே தொடங்குவது. பிறந்து சில திங்களேயான குழந்தைகளுக்குப் பகரத்தின் வல்லொலியையும் மெல்லிய ஒலிப்புடைய ஒலியையும் மாறிமாறிக் கேட்கச் செய்து, அவற்றின் வேறுபாட்டை அவை உணர்கின்றன என்று பீற்றர் ஐமாஸ் என்னும் அமெரிக்க உளவியலாரும் அவர் துணைவரும் 1971 ஆம் ஆண்டில் காட்டினர். குழந்தையைப் பேசச் சொல்ல முடியாது. அதன் வாயில் வைத்த சூப்பியை அது சப்பும் வேகத்தைக்கொண்டு அளந்தனர். பழகிய ஒலி சலித்துச் சப்புதல் தளர்கிறது. புதிய ஒலி கேட்டதும் மீண்டும் விரைகிறது.

நம் கதைக்கு இன்னும் நெருக்கமான ஆராய்ச்சி 1984 ஆம் ஆண்டில் வெளிவந்தது. கனடா நாட்டில் ஜனற் வேர்க்கர், றிச்சாட் ரீஸ் என்னும் இருவர், ஆங்கிலமே பேசும் வீட்டுக் குழந்தைகளுக்கு இந்தி மொழியின் இரண்டு ஒலிகளைக் கேட்பித்தனர். ஒன்று பல்லோடு பொருந்தும் தகர இனம். மற்றது நா வளைந்து ஒலிக்கும் டகர இனம். ஆங்கிலத்தில் இவ்விரண்டும் வேறுபடுவதில்லை. ஆறு முதல் எட்டு மாதக் குழந்தைகளுள் மிகப் பெரும்பாலானவை வேறுபாட்டை உணர்ந்தன. பத்து முதல் பன்னிரண்டு மாதக் குழந்தைகளுள் மிகச் சிலவே உணர்ந்தன. முதலாண்டு நிறைவதற்குள்ளேயே குழந்தை, தன்னைச் சூழ்ந்துள்ளோர் பேச்சில் எவ்வேறுபாடு பயன்படுகிறது, எது பயன்படவில்லை என்று கணக்கெடுத்து, பயன்படாததைக் கேளாது விடக் கற்றுக்கொள்கிறது. இதனைச் செவியின் குறை என்று சொல்லலாகாது. சிக்கனம் என்று சொல்லவேண்டும்.

இப்போது சல்லிச் சிறுவனின் கொப்பியை மீண்டும் நோக்குவோம். அவன் பிறந்த நாள்தொட்டு அவ்வீட்டில் எவரும் ழகரத்தை ஒலித்ததில்லை. மழையும் பழமும் ஆழமும் அவன் காதில் ளகரமாகவே விழுந்தன. ஆதலின் அவன் செவி முதலாண்டிலேயே அவ்விரண்டையும் ஒன்றெனக் கணக்கில் எழுதிக்கொண்டது. ஆறாம் வயதில் பள்ளிக்கூடம் வந்து, ‘இவை இரண்டு’ என்று சொல்லுகிறது. எவ்வாறு இரண்டு என்று அது காட்டுவதில்லை. காட்ட வேண்டியவரும் அதே கடற்கரையில், அதே கணக்கோடு வளர்ந்தவரே. சிறுவன் இனிச் சொல்லொன்றுக்கு ஒரு வடிவமாகக் கண்ணால் மனப்பாடம் செய்யவேண்டியவனாகிறான். செவி சொல்லித்தராத ஒன்றைக் கண் ஆயிரம் தடவை சுமக்கவேண்டியிருக்கிறது. எழுத்துப்பிழை மலிகிறதே என்று பத்திரிகைதோறும் புலம்பும் நாம் இதனை ஒருகாலும் எண்ணுவதில்லை.

இத்துன்பம் தமிழ்ப் பிள்ளைக்கு மாத்திரம் உரியதன்று. சிங்களப் பேச்சில் நகர ணகரமும் லகர ளகரமும் ஒன்றாகிப் பல நூற்றாண்டுகள் கழிந்தன. எழுத்திலோ அவை இன்றும் வேறாகவே நிற்கின்றன. ‘ந ண, ல ள பேதம்’ என்னும் ஒரு பாடமே சிங்கள மாணவரை வாட்டுகின்றது. ஒரே துறைமுக நகரில், ஒரு வீதியின் இருபுறத்துப் பள்ளிகளிலே, இருமொழிப் பிள்ளைகளும் ஒரே வகையான சிவப்புக் கோட்டைப் பெறுகிறார்கள். இது என் மனத்துக்குச் சற்று ஆறுதலாகவும் இருக்கிறது.

ழகரம் அரிய ஒலி என்பது உண்மை. குழந்தைகள் பகர மகரங்களை முதலிற் பெறுகின்றன. இதழ் இரண்டும் கூடுவது கண்ணுக்குத் தெரியும், செய்வதும் எளிது. ‘அம்மா’ உலகின் பல மொழிகளில் மகரத்தோடு கூடியிருப்பதன் இரகசியம் இதுதான். றோமன் யாக்கோப்சன் என்னும் உருசிய அறிஞர் 1941 ஆம் ஆண்டிலே எழுதிய நூலில், மொழிகளில் அருகி வழங்கும் ஒலிகளே குழந்தைகளுக்கும் இறுதியில் வந்து சேர்கின்றன என்று வாதித்தார். அவர் வகுத்த ஒழுங்கு எல்லாக் குழந்தைகளுக்கும் அப்படியே பொருந்துவதில்லை எனப் பின்வந்தோர் கண்டனர். எனினும் ரகர, ளகர, ழகர இனங்கள் பிந்தியே வரும் என்பதை எந்தத் தாயும் அறிவாள். மழலை என்னும் சொல்லையே மழலையிற் சொல்ல முடியாது!

தமிழ்நாட்டிலும் இவ்வொலி பல பகுதிகளில் மாய்ந்துவிட்டது. சென்னையில் அது யகரமாகி ‘வாயப்பயம்’ ஆயிற்று. தென்மாவட்டங்களில் நம்மைப் போலவே ளகரமாயிற்று. மலையாளிகள் அதனைப் பேச்சிலும் காத்துவருகிறார்கள். சீறீகாந்த் நாராயணன், டானி பேர்ட், அபிகேல் கோன் ஆகியோர் தமிழின் ர, ற, ல, ள, ழ என்னும் ஐந்தொலிகளையும், காந்தப்புலத்தால் உடலின் உட்புறத்தைப் படம்பிடிக்கும் கருவியின் துணையோடு அமெரிக்காவில் ஆராய்ந்து 1999 ஆம் ஆண்டில் வெளியிட்டனர். அதுவரை கண்ணாற் காணவியலாதிருந்த நாவின் முழுவடிவம் அப்படங்களில் தெரிந்தது. தொல்காப்பியர் காலத்தில் அத்தகைய கருவியில்லை. அவர் தம் வாயையே கருவியாகக் கொண்டார். அக்கருவி இன்றும் ஒவ்வொரு வகுப்பறையிலும் நாற்பது இருக்கின்றது.

இதுவரை நாம் இழந்ததைப் பற்றியே பேசினேன். சல்லிச் சிறுவனிடம் உள்ள ஒரு செல்வத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். அதனை அவனோ, அவன் ஆசிரியையோ, அவனுக்குச் சிவப்புக்கோடு போடும் கல்விமுறையோ அறியவில்லை.

அவன் ‘ரீச்சர்’ என்றான். சென்ற பகுதியில் நான் ஓர் அறிஞர் பெயரை ரீஸ் என்று எழுதினேன். தமிழ்நாட்டு நண்பர் அதனை டீஸ் என்று எழுதியிருப்பார். பற்றரி, பற்றறி, ரொறன்ரோ என்று நாம் எழுதுவதைப் பார்த்து அக்கரையிலுள்ளோர் நகைப்பதுண்டு. நகைப்பதற்கு அதில் ஒன்றுமில்லை. ஆங்கிலேயர் அவ்வொலியை எழுப்பும்போது நாவின் நுனி பல்லையும் தொடுவதில்லை; வளைந்து மேலண்ணத்துக்கும் செல்வதில்லை. இரண்டுக்கும் இடையே, பல்லின் பின்னுள்ள மேட்டை ஒற்றுகிறது. தமிழிலே அவ்விடத்தில் பிறக்கும் வல்லெழுத்து ஒன்றுண்டு. அதுவே றகரம். டகரமும் தகரமும் அவ்விடத்தன அல்ல. ‘வெற்றி’, ‘நேற்று’, ‘சுற்றம்’ என்று நூலை வைத்து வாசிக்கும் ஈழத்துப் பிள்ளை அந்த மேட்டை ஒற்றிக் காற்றை அடைத்தே றகரத்தை ஒலிக்கிறது. தமிழ்நாட்டு மேடைகளிலே அதே சொற்கள் ‘வெட்ரி’, ‘நேட்ரு’ என்பனபோல, அடைப்பும் அதன்பின் ஓர் உருட்டலுமாக ஒலிக்கக் கேட்கிறோம். ‘நன்றி’யும் அங்கே ‘நன்ட்ரி’ ஆகின்றது.

தொல்காப்பியர் றகரத்தை வல்லெழுத்தாறனுள் ஒன்றாக வைத்தார். வல்லெழுத்து என்றால் காற்றை அடைத்து விடுவிப்பது. நா நுனி நிமிர்ந்து ‘ஒற்ற’ வேண்டும் என்றார். ரகரத்தைப் போல் ‘வருட’ வேண்டும் என்று சொல்லவில்லை. இவ்விலக்கணத்துக்கு இன்றும் இலக்கியமாய் நிற்பது ஈழத்தவர் வாசிக்கும் றகர இரட்டையும், மலையாளிகள் வாயிலுள்ள அதன் உடன்பிறப்புமே. நீலகிரியிலே தோடர் மொழியும் இம்மூன்றிடப் பாகுபாட்டைக் காத்து வருகின்றது. நாம் இழந்த ழகரத்துக்கு நாணுகிறோம். காத்த றகரத்துக்கும் சேர்த்தல்லவா நாணுகிறோம்!

உண்மையை முழுதும் சொல்லிவிடவேண்டும். வீட்டுப் பேச்சில் நாமும் ‘காத்து’ என்கிறோம், ‘ஒண்டு’ என்கிறோம். அங்கெல்லாம் றகரம் தகரத்துள்ளும் டகரத்துள்ளும் புகுந்துவிட்டது. எனினும் அவ்வொலி நம் நாவை விட்டுப் போகவில்லை என்பதற்கு ஆங்கிலச் சொற்களே சான்று. போர்த்துக்கேயரிடமிருந்து பெற்ற சொற்களை நோக்குங்கள்: சப்பாத்து, துவாய், தாச்சி, கதிரை. எல்லாவற்றிலும் தகரமே வந்திருக்கிறது. ஏனெனில் போர்த்துக்கேயர் தம் மொழியில் அவ்வொலிகளைப் பல்லோடு பொருத்தியே ஒலிப்பர். ஆங்கிலேயரிடம் பெற்ற சொற்களிலோ றகரமும் ரகரமும் வருகின்றன. இலக்கண நூலைத் திறந்தறியாத துறைமுகத் தொழிலாளியும் கரைவலைக்காரரும் அந்நியர் இருவரின் நாவசைவையும் செவியினாலே பிரித்தறிந்து, இவ்வொலிக்கு இவ்வெழுத்து என்று வைத்தனர். எந்தக் கலைச்சொற் குழுவும் இவ்வளவு நுட்பமாக ஒரு தீர்மானத்தை நிறைவேற்றியதில்லை.

அந்நியர் நம்மிடம் அத்துணை கவனம் செலுத்தவில்லை என்பதையும் குறிக்கலாம். திருக்கோணமலை என்னும் பெயரிலே ருகரத்து உயிரும் ணகரமும் அவர்கள் வாயில் நில்லாது போயின. 1957 ஆம் ஆண்டில் பிரித்தானியக் கடற்படை இத்துறையை விட்டு நீங்கியது. ‘றிங்கோ’ என்னும் குறுக்கம் இன்னும் நீங்கவில்லை.

சல்லி என்னும் பெயரே ஒலிநூலார்க்கு ஒரு விருந்து. சகரம் அகரத்தோடு கூடிச் சொல்லுக்கு முதலாகாது என்பது தொல்காப்பிய விதி. அவ்விதிப்படி சல்லி என ஒரு சொல் தமிழிலே இருத்தல் கூடாது. நன்னூலார் காலத்தில் அத்தடை நீங்கியது. சட்டியும் சக்கையும் சண்டையும் இல்லாமல் நாம் எவ்வாறு ஒரு நாளைக் கழிப்பது? மேலும், பிறப்பியலின்படி சகரம் இடைநா இடையண்ணத்தைப் பொருந்திப் பிறக்கும் வல்லெழுத்து. இன்று சொன்முதலில் பலரும் அதனை அடைப்பின்றிக் காற்றுரசும் ஒலியாகவே சொல்கிறோம். இதற்காக எந்த ஆசிரியரும் எந்தப் பிள்ளையையும் அடித்ததாகக் கேள்விப்படவில்லை. ஒலிகள் மாறுவது இயல்பு. எம்மாற்றத்துக்குச் சினப்பது, எதனைக் கண்டும் காணாது விடுவது என்பதில் நமக்கு ஒரு நெறியில்லை. சல்லி என்றால் நமக்குச் சிறு காசு, சிறு கல்; சிங்களருக்குப் பணம் என்பதே பொருள். கிரேக்க நாட்டு நாவலர் தெமொஸ்தெனிஸ் தம் நாக்குழறலைப் போக்கக் கூழாங்கற்களை வாயிலிட்டுப் பேசிப் பழகினார் என்று புளூட்டார்க் எழுதிவைத்தார். சல்லியை வாயிலிட்டு ழகரம் பழகும்படி எவரையும் நான் வேண்டமாட்டேன்.

இங்கே இன்னொரு செய்தி கவலை தருகிறது. 1990 ஆம் ஆண்டை ஒட்டி இம்மாவட்டத்தினின்றும் பல குடும்பங்கள் கடல்கடந்து மண்டபம் முகாமை அடைந்தன. பின்னர் மீண்டவர்களின் பிள்ளைகளுள் சிலர் அங்கே பிறந்தோர். அவர்கள் நாவில் ‘வெட்ரி’யே இருந்தது. ஊர்ப் பிள்ளைகள் அவர்களைக் கேலி செய்தனர். இன்றோ நிலைமை தலைகீழ். தொலைக்காட்சியும் கைத்தொலைபேசியும் நாள்முழுதும் அக்கரை உச்சரிப்பையே நடுக்கூடத்தில் ஒலிக்கச் செய்கின்றன. பேச்சுப்போட்டிக்கு நிற்கும் மாணவி, தன் பாட்டனார் தேவாரம் ஓதிய றகரத்தை நாட்டுப்புறமென்று ஒதுக்கி, அறிவிப்பாளரின் உருட்டலைப் பழகி வருகிறாள். நடுவராய் அமர்ந்த நாம் அதற்குப் புள்ளியும் இடுகிறோம். முகாமிற் பிறந்த பிள்ளை தான் கேட்டதைப் பேசியது. அதில் குற்றம் சொல்ல எவருக்கும் உரிமையில்லை. ஆனால் வீட்டிலே கேட்ட நல்ல ஒலியை வெட்கத்தினால் ஒரு பிள்ளை கைவிடுமாயின், அவ்வெட்கத்தை ஊட்டியவர் யார் என்று கேட்கத்தான் வேண்டும். காரைதீவிலே பிறந்து, 1943 ஆம் ஆண்டில் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராய் அமர்ந்த விபுலாநந்த அடிகள், சோழமண்டலத் தமிழையும் ஈழமண்டலத் தமிழையும் ஒப்புநோக்கி ஒரு கட்டுரை எழுதினார். இரண்டையும் மண்டலத் தமிழ் என்றே அவர் பெயரிட்டார். ஒன்றைத் தமிழென்றும் மற்றதைக் கொச்சையென்றும் பெயரிடவில்லை.

ஆசிரியர்களுக்கு நான் சொல்ல விரும்புவன சில. முதலாவது, ‘இரண்டுசுழி, மூன்றுசுழி’ என்று எழுத்துக்களுக்குப் பெயரிடுவதை விட்டுவிடுங்கள். நம் பழைய பெயர்கள் தந்நகரம், டண்ணகரம், றன்னகரம் என்பன. அப்பெயர்களுக்குள்ளேயே பிறப்பிடம் பொதிந்திருக்கிறது. தகரம் பிறக்குமிடத்தில் நகரம். டகரம் பிறக்குமிடத்தில் ணகரம். றகரம் பிறக்குமிடத்தில் னகரம். ‘பந்து’, ‘வண்டு’, ‘கன்று’ என்று மூன்று சொல்லைச் சொல்லச் செய்து, நா எங்கே தொட்டது என்று கேட்டால் ஆறு வயதுப் பிள்ளையும் சரியாகச் சொல்லும். சுழியை எண்ணிய பிள்ளை எழுத்தைப் படமாகவே காண்கிறது. இடத்தை உணர்ந்த பிள்ளை ‘ன்’னுக்குப் பின் றகரமும் ‘ண்’ணுக்குப் பின் டகரமும் ஏன் வருகின்றன என்பதைத் தானே கண்டுகொள்கிறது.

அடுத்தது செவிப்பயிற்சி. முதலாண்டில் மூடிய வாயில் என்றைக்குமாக மூடியதன்று. யப்பானியர் தம் மொழியில் வேறுபடாத ரகர லகரங்களை ஆங்கிலத்தில் பிரித்தறியப் படும் பாடு பெயர்பெற்றது. 1991 ஆம் ஆண்டில் லோகன், லைவ்லி, பிசோனி என்னும் மூவர், பல பேரின் குரலில், பல சொற்களில் அவ்வொலிகளைக் கேட்பித்துப் பயிற்றிய யப்பானியர் தேர்ச்சியடைந்ததைக் காட்டினர். பலர் குரல் என்பதைக் கவனிக்க. ஒரே ஆசிரியர் ஒரே சொல்லை ஓங்கியோங்கிச் சொல்வதால் செவி திறவாது. ழகரத்தைத் தெளிவாக ஒலிப்போர் பத்துப் பேரின் குரலைப் பதிவு செய்து, வாளை வாழை, குளி குழி, கிளி கிழி, அளகு அழகு என்று இரட்டையிரட்டையாகக் கேட்கச் செய்வது இந்நாளில் பெருஞ்செலவான காரியமன்று. மகரகமையிலுள்ள தேசிய கல்வி நிறுவகத்தார் ஆசிரியர் வழிகாட்டியோடு இத்தகைய ஒலிப்பதிவொன்றையும் அளிக்கலாம். கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்து மாணவர்கள் சல்லியிலும் சாம்பல்தீவிலும் மூதூரிலும் கிண்ணியாவிலும் முதியோர் பேச்சை இப்போதே பதிந்து வைக்கலாம். 2004 ஆம் ஆண்டு மார்கழியில் கடல் பொங்கியபோது இக்கரையோரத்தில் உயிர்களோடு எத்தனை குரல்களும் போயின என்பதை அறிந்தவர்கள் இதில் தாமதிக்க மாட்டார்கள்.

எப்பிள்ளை எவ்வளவு சொல்லியும் பல ஒலிகளைப் பிரித்தறியவில்லையோ, அப்பிள்ளையின் காதை முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள். அடிமட்டத்தை அதன்பின்னும் எடுக்கவேண்டாம்.

அன்றைக்குச் சல்லியில் நண்பர் வருவதற்குள் ஒரு சிறு முயற்சி செய்து பார்த்தேன். ழகரத்துக்கு ஒரு நல்ல குணம் உண்டு. டகரத்தை நீட்ட முடியாது, காற்று அடைபட்டுப்போகும். ழகரத்தையோ மூச்சுள்ளவரை நீட்டலாம். ஆதலின் உயிரெழுத்திலிருந்தே அதற்கு நடந்துபோகலாம். சிறுவனை ‘ஆ’ என்று நீட்டச் சொன்னேன். நீட்டிக்கொண்டே, நாவின் நுனியைப் பையப்பைய மேலே உயர்த்திப் பின்னுக்கு வளைக்கும்படியும், எங்கும் தொட்டுவிடாதிருக்கும்படியும் கேட்டுக்கொண்டேன். முதல் இரண்டு முறையும் நா அண்ணத்தைத் தொட்டு ‘ஆள்’ ஆயிற்று. “தொட்டுட்டாய்” என்றேன். மூன்றாம் முறையும் தொட்டது. நான்காம் முறை, தொடாமல், நடுங்கிக்கொண்டு, ‘ஆழ்’ என்று வந்தது. அவனே திகைத்துவிட்டான். தன் வாயினுள் அப்படி ஓர் இடம் இருந்ததை அவன் அறிந்திருக்கவில்லை.

“அம்மம்மா, நீங்களும் சொல்லுங்கோ” என்று பாட்டியாரைப் பிடித்துக்கொண்டான். அவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு இருமுறை முயன்றார். இருமுறையும் நா அண்ணத்தைத் தொட்டது.

“எனக்கு இனி அது வராது ஐயா. இந்த வயசில நாக்கு அங்க போகாது. அவனுக்கு வந்தாக் காணும்” என்று சிரித்தார்.

சிறுவன் அதற்குள் வாசலைக் கடந்துவிட்டான். கரையேறிக்கொண்டிருந்த பாட்டனாரின் வள்ளத்தை நோக்கி மணலிலே ஓடினான். ஓடும்போது மூச்சு முடியும்வரை அவ்வோரொலியையே நீட்டிக்கொண்டு போனான். மூச்சு முடிந்ததும் நின்று, மறுபடியும் ‘ஆ’விலிருந்து தொடங்கினான்.